கார்டிங் அண்ணாச்சியின் எக்ஸ்ரே

அறுபதுகளின் நடுவில், பம்பாயில் பாண்டுப் என்ற இடத்தில், ஒரு ஆஸ்பெஸ்டாஸ், அதாவது கல்நார்த் தொழிற்சாலையில் டைப்பிஸ்டாக இருந்தேன். மாட்டுங்காவிலிருந்து தினமும் ரயிலில் போய்வருவேன். நெருப்புத் தாங்கும் கயிறும் துணியும் அங்கே செய்தார்கள். என் மேஜை கம்பெனி டாக்டரின் அறை வாசலில். அவர் இங்கிலீஷில் சொல்லச் சொல்ல, தொழிலாளிகளின் உடம்பைப் பற்றி நான் டைப் அடிப்பேன்.

டாக்டரிடம் வருகிறவர்களில் தாராவிக்காரர் ஒருவர் இருந்தார். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம், வயது நாற்பது இருக்கும். கல்நாரைப் பஞ்சுபோலச் சிக்கெடுக்கும் கார்டிங் பிரிவில் பதினான்கு வருஷம் வேலை. அந்தப் பிரிவு ஆட்களுக்குப் புருவமும் காதுமடலும் எப்போதும் தூசு படிந்து வெளுத்திருக்கும். அண்ணாச்சி என்று கூப்பிடுவேன். என்னைக் கண்டால் நின்று தமிழில் நாலு வார்த்தை பேசிவிட்டுத்தான் போவார். அந்த வருஷம் பேச்சு குறைந்தது. ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் இரண்டு தடவை மூச்சு வாங்கினார்.

எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்டர் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார். 'அஸ்பெஸ்டோசிஸ்' என்ற சொல்லை அன்றுதான் முதன்முதலாக அடித்தேன், எழுத்தெழுத்தாகச் சொன்னார். என்ன வியாதி என்று கேட்டேன். கல்நார்த் தூசு நுரையீரலில் தங்கித் தழும்பாகிவிடும், திரும்பச் சரியாகாது என்றார்.

மத்தியானம் மேனேஜர் டாக்டரைக் கூப்பிட்டு அனுப்பினார். திரும்பி வந்தவர் என் முகத்தைப் பார்க்காமல், "அதை மறுபடி அடிக்கணும். நாள்பட்ட மார்ச்சளி என்று போடுங்கள்" என்றார். பழைய தாளை வாங்கிக் கிழித்தார். துண்டுகளைக் குப்பைக்கூடையில் போடாமல் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டார்.

மறுநாள் அண்ணாச்சி வந்தார்.

"என்னம்மா எழுதியிருக்கு? பயப்படுத மாதிரி ஒண்ணுமில்லல்லா?"

கதவு திறந்திருந்தது. உள்ளே டாக்டர் இருந்தார்.

"மார்ச்சளின்னு போட்டிருக்கு அண்ணாச்சி."

"அப்பாடா. டிபியா இருக்குமோன்னு வீட்ல அவ அழுதுக்கிட்டு கெடக்கா."

அவர் முகம் தெளிவதைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன்.

ஒரு வாரத்துக்கு மேல் என்னால் பொறுக்க முடியவில்லை. ஷிப்ட் விடும்போது அண்ணாச்சியை வாசல் கேட் பக்கம் நிறுத்தி, "அந்தத் தூசு உங்களுக்கு ஆகாது. கோடௌனுக்கு மாத்தச் சொல்லிக் கேளுங்கோ" என்றேன். அதற்கு மேல் சொல்லத் தைரியம் வரவில்லை. அப்பா ரிட்டயராகிவிட்டிருந்தார், வீடு என் வேலையை நம்பி இருந்தது.

அவர் போய்க் கேட்டார். சூப்பர்வைசர் ஃபைலை எடுத்துப் பார்த்துவிட்டு, சளிக்கெல்லாம் இடம் மாற்ற முடியாது என்று அனுப்பிவிட்டார்.

"டாக்டரே எழுதியிருக்காராம்லா" என்று அண்ணாச்சி என்னிடம் வந்து சொன்னார், தான் ஏதோ தப்பாகக் கேட்டுவிட்டதுபோல. சூப்பர்வைசர் பார்த்தது நான் அடித்த தாள்.

இன்னும் ஒன்றரை வருஷம் கார்டிங்கிலேயே ஓட்டினார். அப்புறம் ஸ்டேஷன் படி ஏற முடியாமல் வேலைக்கு வருவது நின்றது. மழைக்காலத்தில் இறந்துபோனார்.

காரியம் முடிந்தபின் தாராவிக்குப் போனேன். அவர் மனைவி பாயை விரித்து உட்காரச் சொன்னார். அன்று எதையும் மறைக்கவில்லை. வியாதியின் பெயர், டாக்டர் சொன்னது, தாளை மாற்றி அடித்தது, எல்லாம் சொன்னேன். திட்டினால் தேவலை என்றிருந்தது. அவர் திட்டவில்லை.

"முன்னாடியே தெரிஞ்சிருந்தா மட்டும் அவுக எங்க போயிருப்பாக?" என்றார். என் பக்கம் நகர்ந்து உட்கார்ந்து, "எங் கொழுந்தன் ஊர்லேருந்து வந்திருக்கான். அவுக எடத்துல அவனை எடுத்துக்கிடச் சொல்லி ஆபீஸ்ல நீங்க ஒரு வார்த்தை சொல்லணும்."

"இப்பத்தானே சொன்னேன். அங்கே வேண்டாம்."

"கேட்டுக்கிட்டுத்தாம்மா இருந்தேன். வேற எவன் கூப்பிட்டு வேலை குடுக்கான்?"

ஆபீஸில் நான் யாரிடமும் பேசவில்லை, பேசாமலே எடுத்துக்கொண்டார்கள். கார்டிங்கில் ஆள் குறைந்திருந்தது.

திங்கட்கிழமை அந்தக் கொழுந்தன் சட்டையைக் கழற்றிவிட்டு டாக்டர் முன்னால் நின்றார். அண்ணன் ஜாடையே இல்லை. நல்ல உயரம், அகன்ற மார்பு. மூச்சை நன்றாக இழுத்துவிடச் சொல்லி ஸ்டெதஸ்கோப்பை வைத்துப் பார்த்தார் டாக்டர். பிறகு, வேலைக்குத் தகுதியானவர் என்று என் பக்கம் திரும்பிச் சொன்னார்.

அடித்துக் கொடுத்தேன்.