மூலம் சாரின் ரொட்டி அச்சு

என் சித்தப்பா கணக்கு வாத்தியார். முப்படிச் சமன்பாட்டுக்கு மூலம் கண்டுபிடிப்பதில் கெட்டிக்காரர் என்பதால் பிள்ளைகள் அவரை 'மூலம் சார்' என்றார்கள். அந்தப் பெயர் தெருவுக்கும் பரவியது. மருந்துக்கடைக்காரர் ஒருநாள் அவரைத் தனியே கூப்பிட்டு, "வெக்கப்படாதீங்க சார், நிறைய பேருக்கு இருக்கு" என்று ஒரு களிம்பைக் கொடுத்தார். சித்தப்பா நன்றி சொல்லி வாங்கிக்கொண்டார்.

சித்தி வீட்டிலேயே ரொட்டி சுட்டு விற்றாள். கணக்கு என்றால் காத தூரம் ஓடுவாள். கல்யாணமான நாள் முதல் சித்தப்பாவிடம் ஒரு கணக்கும் கேட்டதில்லை. அவரும் அந்த வருத்தத்தை வெளியே காட்டியதில்லை.

ஒரு கேன்டீன்காரர் துண்டு போடுவதற்குச் சின்ன ரொட்டிகள் கேட்டார். அதற்குப் புது அச்சு வேண்டும். தகரக் கடையில் பத்து அங்குல நீளம், எட்டு அங்குல அகலத்தில் தகடுகள் கிடந்தன. நாலு மூலையிலும் ஒரே அளவு சதுரம் வெட்டி ஓரங்களை மடக்கினால் அச்சு தயார். உள்ளே நாற்பத்தெட்டு கன அங்குலம் இடம் வேண்டும். மூலையில் எவ்வளவு வெட்டுவது?

"ஏங்க, இது உங்க கணக்குல வருமா?"

சித்தப்பா சட்டையை மாற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

வெட்டும் அளவு x. அச்சின் ஆழமும் அதுதான். நீளத்திலும் அகலத்திலும் இரண்டிரண்டு x போய்விடும். பெருக்கிச் சுருக்கியபோது x³ − 9x² + 20x − 12 = 0 என்று வந்தது.

"முதல்ல ஒண்ணு போட்டுப் பாப்போம்" என்று போட்டார். பூச்சியம் வந்தது. "ஒரு இன்ச்!" என்று எழுந்தவர், நேரே தகரக் கடைக்குப் போய் ஒரு டஜன் அச்சு செய்து வாங்கி வந்துவிட்டார்.

அதில் சுட்ட ரொட்டி செருப்பின் அடிப்பாகம் போல இருந்தது. கேன்டீன்காரர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "அக்கா, இதோட ஜோடி எங்க?" என்று கேட்டார்.

சாப்பாடு போடும்போது சித்தி ஆரம்பித்தாள்.

"உங்க கணக்கு தப்பு."

"கணக்கு சரி. வேணும்னா தண்ணி ஊத்தி அளந்து பாரு."

"அப்போ வேற பதிலே கிடையாதா?"

சித்தப்பாவின் கை பாதியில் நின்றது. ஒரு மூலம் கிடைத்ததும் பேனாவை மூடிவிடும் பிள்ளைகளைப் பெஞ்சுமேல் ஏற்றியவர் அவர். கையைக் கழுவிவிட்டு வந்து, கோவையை x − 1 ஆல் வகுத்தார். x² − 8x + 12 மிஞ்சியது. பெருக்கினால் பன்னிரண்டு, கூட்டினால் எட்டு. இரண்டும் ஆறும்.

"இன்னும் ரெண்டு பதில் இருக்கு" என்றார், மெதுவாக.

"அன்னிக்கே ஏன் சொல்லல?"

"அவசரம்."

"இத்தனை வருஷத்துல நான் கேட்டதே ஒரு கணக்கு. அதுலயும் மூணுல ஒரு பங்குதான் போட்டுக் குடுத்திருக்கீங்க."

மறுநாள் இருவருமாகத் தகரக் கடைக்குப் போனார்கள். மூலைக்கு இரண்டு அங்குலம் வெட்டச் சொன்னார்கள். சித்திக்கு மனசு ஆறவில்லை. "அந்த ஆறையும் கேட்டுடுங்க. பின்னாடி சொல்லலன்னு ஆகக் கூடாது."

"எட்டு இன்ச் தகட்டுல ரெண்டு பக்கமும் ஆறாறு எப்படிம்மா வெட்டுறது?" என்றார் தகரக் கடைக்காரர்.

"அகலம் மைனஸ் நாலு, நீளம் மைனஸ் ரெண்டு, ஆழம் ஆறு" என்றார் சித்தப்பா. "பெருக்கினா நாற்பத்தெட்டேதான்."

கடைக்காரர் கத்தரியைக் கீழே வைத்து யோசித்தார். "செய்யலாம் சார். ஆனா தகடு இல்லாத இடத்துல வெட்டுறதுக்குக் கூலி ஜாஸ்தி."

சித்தி சிரித்துவிட்டாள்.

இரண்டு அங்குல அச்சில் ரொட்டி எழும்பி நின்றது. கேன்டீன்காரர் மறுபேச்சில்லாமல் எடுத்துக்கொண்டார். தட்டை அச்சுகளில் சித்தி பிஸ்கட் போட்டாள்.

விடுமுறை நாளில் அவளே வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "இல்லாத அகலம், இல்லாத நீளம். அதுல எப்படிங்க ரொட்டி புடிக்கும்?"

மைனசையும் மைனசையும் பெருக்கினால் பிளஸ் என்று சித்தப்பா விதம்விதமாகச் சொல்லிப் பார்த்தார். சித்தி எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. எழுந்தும் போகவில்லை.