அத்தானின் சோபாவுக்கு எண்ணெய்

செத்தவர் மீது பொறாமைப்படுவதில் ஒரு நிம்மதி உண்டு. இனி அவர் புதிதாக எதையும் சாதிக்கப்போவதில்லை. மச்சானுக்கு அந்த நிம்மதியும் வாய்க்கவில்லை. அவர் பொறாமைப்பட்ட மனிதர், இறந்த பிறகும் வாராவாரம் டி.வி.யில் வந்து கைதட்டல் வாங்கிக்கொண்டிருந்தார்.

மச்சான் என்பது பெற்றோர் வைத்த பெயர் அல்ல. ஒரு நகைச்சுவைத் தொடரில், அக்கா வீட்டில் இரண்டு நாள் தங்க வந்து, சீசன் சீசனாகப் பெட்டியைத் திருப்பிக் கட்டாத தம்பியாக நடிக்கிறார். அதனால் ஊரே அவரை அப்படித்தான் கூப்பிடும். பல் டாக்டர்கூட, "ஃப்ரிட்ஜைப் பாத்தா திறப்பீங்கல்ல, அந்த மாதிரி வாயைத் திறங்க மச்சான்" என்று சொல்லித்தான் பல்லைப் பிடுங்கினார்.

தொடரின் நாயகன், அக்காவின் கணவர். அத்தான். கடுகு நிறத்தில் ஒரு ஒற்றைச் சோபா, அதில் அவர், கையில் பேப்பர். மச்சான் பொய் சொல்ல வேண்டியது, அத்தான் லேசாக அசைந்து உட்கார வேண்டியது, பழைய ஸ்பிரிங் 'க்ரீச்' என்று கத்த வேண்டியது. அவ்வளவுதான். எதிரே பெஞ்சுகளில் உட்கார்ந்து ஷூட்டிங் பார்க்கும் ஜனம் வயிற்றைப் பிடித்துக்கொள்ளும். பாடுபட்டுப் புளுகுவது மச்சான். பேர் வாங்குவது அத்தானும் அவர் உட்காருமிடமும்.

அத்தானாக நடித்தவர் ஒருநாள் மாரடைப்பில் போய்விட்டார். மச்சான் அழுதார். நிஜமாகவே அழுதார். கைக்குட்டை காய்வதற்குள் இன்னொரு நினைப்பும் வந்தது: சோபா காலி.

டைரக்டர் கூப்பிட்டு அனுப்பினார். "கதையிலயும் அத்தான் இறந்துட்டாருன்னே வச்சுக்கலாம். ஆனா சோபா இருக்கட்டும். யாரும் உக்காரக் கூடாது. நீங்க பொய் சொன்னா அது தானா கத்தும். ஜனங்களுக்கு மனசு ஆறணும்ல."

"அப்போ நானு?"

"இந்த சீசன்ல உங்களுக்குன்னு தனியா சிரிப்பு விழட்டும். விழுந்துச்சுன்னா அடுத்த சீசன்ல நீங்கதான் வீட்டுத் தலைவர். சோபாவே உங்களுக்குத்தான்."

மச்சானுக்குத் தலைகால் புரியவில்லை. சோபாவின் அடியில் ஒரு நைலான் கயிற்றைக் கட்டினார்கள். செட்டின் சுவருக்குப் பின்னால் நின்று ஒருவர் இழுப்பார். ஸ்பிரிங் கத்தும். ஜனம் சிரிக்கும். அதுவும் எப்படி? கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரிக்கும். அந்தச் சிரிப்போடு உயிரோடிருக்கிற எந்த நடிகன் மல்லுக்கு நிற்க முடியும்?

மச்சான் நின்றார். வழுக்கி விழுந்தார், வாய் நிறையத் திணித்துக்கொண்டு பேசினார், திரைச்சீலையில் சிக்கிக்கொண்டு சுற்றினார். பெஞ்சுகளின் கண் சோபாவை விட்டு அசையவில்லை. ஷூட்டிங் முடிந்து ஒரு அம்மாள் செல்போனோடு வந்து, "ஒரு போட்டோ எடுத்துக்கலாமாப்பா?" என்றார். மச்சான் காலரைச் சரிசெய்தார். அம்மாள் போனை அவர் கையில் கொடுத்துவிட்டு, சோபா பக்கத்தில் போய் நின்றுகொண்டார்.

வீட்டிலாவது ஆறுதல் கிடைக்குமென்று பார்த்தால், அங்கே தையல் மெஷினுக்கு எதிரில்தான் டி.வி. ரவிக்கைக்குக் கை வைத்துத் தைத்துக்கொண்டே மனைவி குலுங்கிச் சிரித்தாள்.

"செத்தும் மனுஷனுக்கு என்ன டைமிங் பாருங்க."

"நான் பேசறதுக்குத்தான் அது கத்துது."

"ஆமால்ல. நீங்களும் அதுல வர்றீங்க."

மறுநாள் மெஷின் எண்ணெய் டப்பா காணாமல் போயிருந்தது. "எடுத்தீங்களா?" என்று மனைவி கேட்டாள். மச்சான் தொண்டையைக் கீச்சென்று செருமிக்கொண்டு, "நான் எதுக்கு எடுக்கறேன்?" என்றார்.

அன்றைக்கு சீசனின் கடைசிப் பகுதி. விளக்குகள் எரிந்தன. மச்சான் அக்காவின் எதிரில் நின்று வசனத்தைச் சொன்னார்: "ஃப்ரிட்ஜ் பக்கமே நான் போகலக்கா."

சுவருக்குப் பின்னால் கயிற்றை இழுத்தார்கள். சோபா வாயே திறக்கவில்லை. மறுபடி இழுத்தார்கள். எண்ணெய் குடித்த ஸ்பிரிங் சமர்த்தாக இறங்கி ஏறியது.

மச்சான் யோசிக்காமல் விட்ட ஒன்று இப்போதுதான் உறைத்தது. இத்தனை வருடமும் அந்த 'க்ரீச்' காதில் விழுந்த பிறகுதான் அவர் அடுத்த வசனத்தைப் பேசியிருக்கிறார். அது வராமல் நாக்கு எழும்பவில்லை. அக்காவாக நடித்தவருக்கு உதடு துடித்தது. பெஞ்சிலிருந்து ஒரு குரல் மெதுவாக, "கோவிச்சுக்கிட்டுப் போயிட்டாரா?" என்றது.

மச்சான் உதட்டை மூடிக்கொண்டு, தொண்டையை இறுக்கி, மூச்சை உள்ளேயே இழுத்தார்.

க்ரீச்.

கூடம் இடிந்து விழாத குறை. நாக்கு தானாக அவிழ்ந்தது. "சரி அத்தான், ஒரே ஒரு கரண்டி ஐஸ்கிரீம்." பெஞ்சில் இருந்த இருவர் சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். மச்சானின் வாழ்நாளில் அப்படி ஒரு சிரிப்பு விழுந்ததில்லை.

டைரக்டர் ஓடி வந்தார். மச்சானைத் தாண்டிப் போய் சோபாவின் கையைத் தடவினார். "காக்க வச்சுக் கத்துச்சு பாருங்க. இதுதான் அத்தான். அடுத்த சீசனும் சோபாதான் தலைவர். யாரும் தொடக் கூடாது." பிறகு ஞாபகம் வந்தவராக, "நீங்களும் நல்லா ஒதுங்கி நின்னு வழி விட்டீங்க" என்றார்.

"சார், அது வந்து..." என்று ஆரம்பித்தார் மச்சான். நான்தான் கத்தினேன் என்று சொன்னால், சோபா ஏன் கத்தவில்லை என்று கேட்பார்கள். சோபாவைக் கவிழ்த்துப் பார்ப்பார்கள். "அது வந்து, எனக்கும் மனசு கனத்துப்போச்சு சார்" என்று முடித்தார்.

அவர் சட்டையிலிருந்து மைக்கைக் கழற்றிய சவுண்ட்காரர் காதோடு சொன்னார்: "சோபா சத்தம் உங்க மைக்லதான் விழுந்துச்சு மச்சான். எண்ணெய் வாசனையும் உங்க கையிலதான் அடிக்குது. நான் ரெண்டையும் வெளிய சொல்லல. அடுத்த சீசனுக்குத் தொண்டையைப் பாத்துக்குங்க."

அந்தப் பகுதி ஒளிபரப்பானபோது மனைவி மெஷினை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். 'க்ரீச்' வந்தது. சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. மெதுவாகத் திரும்பினாள்.

"இது சோபா இல்லியே."

"வேற என்ன?"

"உங்க தொண்டை. பொய் சொல்றதுக்கு முன்னாடி இப்படித்தானே செய்யும். டப்பாவை எடுத்தீங்களான்னு கேட்டப்பவும் இதே சத்தம்தான்."

மச்சான் ஆணியில் தொங்கிய சட்டையின் பையிலிருந்து டப்பாவை எடுத்து மெஷின் மேல் வைத்தார். திட்டு விழும் என்று காத்திருந்தார்.

"எங்க, இன்னொரு வாட்டி பண்ணுங்க."

பண்ணினார். மெஷின் மேல் கவிழ்ந்து கவிழ்ந்து சிரித்தாள். தனக்கே தனக்கென்று விழுந்த அந்தச் சிரிப்பின் எதிரில் மச்சான் நெஞ்சு நிமிர்ந்து நின்றார். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் சொன்னாள்: "அப்படியே அத்தான் மாதிரியே இருக்குங்க."

அதனால் என்ன, எனக்கென்ன பொறாமையா என்று சொல்ல மச்சான் வாயைத் திறந்தார். அதற்குள் தொண்டை முந்திக்கொண்டது.

க்ரீச்.