நூற்றுப் பன்னிரண்டு பேருக்குச் சோறு

என் மகள் படிக்கிற பள்ளி கொச்சி மட்டாஞ்சேரியில் சுக்குக் கிடங்குகளுக்குப் பின்னால் இருக்கிறது. நாலாம் வகுப்பு வரைதான். அவள் மூன்றாவது. நான் அதே தெருவில் ஒரு கிடங்கில் சுக்கு தரம் பிரிக்கிறேன். வீட்டுக்காரருக்குக் களமசேரியில் கட்டட வேலை. வாரம் ஒருமுறை வருவார்.

போன மழைக்காலம். ஒரு வெள்ளிக்கிழமை. மகளைப் பள்ளியில் விட்டுவிட்டுத் திரும்பினேன். தலைமை டீச்சர் வாசலில் போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றார். முகம் சரியில்லை. பள்ளியில் சமைக்கிற அம்மா காலையில் படகுத்துறையில் வழுக்கி விழுந்துவிட்டாராம். கை முறிந்து ஆஸ்பத்திரியில் இருக்கிறாராம். வேறு ஆள் இல்லை.

டீச்சர் ஒரு தாளை எடுத்து எழுத ஆரம்பித்தார். எனக்கு மலையாளம் படிக்க வராது. பக்கத்தில் நின்ற இத்தாவிடம் கேட்டேன். அக்காவை அவர்கள் வீட்டில் இத்தா என்பார்கள், நானும் அப்படித்தான் கூப்பிடுவேன். இத்தா இந்த ஊரிலேயே பிறந்தவள். தமிழ் பேசுகிற முஸ்லிம் வீடு. மகன் நாலாவது படிக்கிறான். இன்று சாப்பாடு இல்லை, பன்னிரண்டரைக்குப் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்புகிறோம் என்று எழுதுகிறாராம்.

"வீட்டுக்குப் போனா அங்க யாரு இருக்கா? உம்மாமாரெல்லாம் கோடவுன்லல்லோ," என்றாள் இத்தா.

உண்மைதான். என் வீட்டில் பூட்டுதான் இருக்கும். காலையில் மகளுக்குக் கொடுத்தது பால் விடாத கட்டன் சாயாவும் இரண்டு பிஸ்கட்டும். மதியம் பள்ளியில் கிடைக்கும் என்ற தைரியம். அங்கே பாதிப் பிள்ளைகள் அப்படித்தான் வருகிறார்கள். சிலருக்கு அந்தப் பிஸ்கட்டும் இருக்காது.

நான் தமிழ்நாட்டில் ஐந்தாவது வரை படித்தேன். பள்ளிக்கூடம் போனது மதியச் சோற்றுக்கு. கூடவே எழுத்தும் வந்தது. லீவு விட்டால் மற்ற பிள்ளைகள் குதிப்பார்கள். நான் குதித்ததில்லை.

"நான் ஆக்குறேன் டீச்சர்," என்றேன்.

டீச்சர் எழுதுவதை நிறுத்தினார். இதுவரை எத்தனை பேருக்குச் சமைத்திருக்கிறேன் என்று கேட்டார். பதினோரு பேருக்கு, ஒரு தீபாவளிக்கு என்றேன். இத்தா சிரித்துவிட்டாள்.

"நூத்திப் பன்னிரண்டு பிள்ளைகள் உண்டு சேச்சி. முடியுமோ?" என்றார் டீச்சர்.

"முடியும்."

டீச்சர் யாருக்கோ போன் செய்து கேட்டார். பிறகு தாளைக் கிழித்துப் போட்டார். நான் கிடங்குக்குப் போன் செய்து இன்று வரவில்லை என்றேன். மேஸ்திரி திட்டினார். கேட்டுக்கொண்டேன். இத்தாவும் வீட்டுக்குப் போகவில்லை. காய் நறுக்க உட்கார்ந்துவிட்டாள்.

சமையலறையில் பெரிய அடுப்பு ஒன்று, சின்ன அடுப்பு ஒன்று. அண்டாவுக்குள் நான் இறங்கி உட்காரலாம். டீச்சர் அரிசியையும் பருப்பையும் அளந்து கொடுத்துவிட்டு வகுப்புக்குப் போனார். சாம்பார், இங்கே தோரன் என்கிற முட்டைக்கோஸ் பொரியல், சோறு. எனக்குப் படபடப்பு வந்துவிட்டது. பயம் என்று சொல்ல முடியாது. முதல் தடவை ரயில் ஏறியபோது அப்படி இருந்தது.

பெரிய அடுப்பில் ஒரு குண்டானை ஏற்றிப் பருப்பைப் போட்டேன். பூசணியும் கேரட்டும் போட்டேன். புளி கரைத்து ஊற்றினேன். கரண்டியை இரண்டு கையாலும் பிடித்துக் கிண்ட வேண்டியிருந்தது. வாசனை வந்ததும் ஜன்னலில் தலைகள் முளைத்தன. நடுவில் என் மகள்.

"அம்மா, நீயா ஆக்குற?"

ஆமாம் என்றேன்.

"நம்ம வீட்டு எரிவு வேண்டாம். எல்லாரும் அழுவாங்க. என்னையத்தான் சொல்லுவாங்க."

மிளகாய்ப் பொடியில் பாதியைத் திரும்ப டப்பாவில் போட்டேன்.

சாம்பார் இறங்கும்போது மணி பதினொன்று. வீட்டில் நான் குழம்பை வைத்துவிட்டுத்தான் உலை வைப்பேன். சோறு சூடாக இருக்கும். அரை மணியில் வெந்துவிடும். அதே நினைப்பில் அண்டாவில் தண்ணீர் நிரப்பி அடுப்பில் ஏற்றினேன். இத்தா முட்டைக்கோஸ் நறுக்குவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"ஏண்டி, இங்க முதல்ல சோறுதான் அடுப்புல கேறும். உங்க ஊர்ல குழம்பக் குடிச்சிட்டுப் படுத்துக்குவீங்களா?"

அப்போதுதான் உறைத்தது. இது நாலு பேர் உலை இல்லை. அண்டாத் தண்ணீர் கொதிக்கவே ஒரு மணி நேரம் ஆகும். அரிசியோ தடித்த புழுங்கல். அது வேக முக்கால் மணி. வெள்ளிக்கிழமை பன்னிரண்டரைக்கு மணி அடித்துவிடும். பள்ளிவாசலுக்குப் போகிற பையன்கள் போக வேண்டும்.

தீயைக் கூட்டினேன். பதினொன்றேகால் ஆனது. தண்ணீர் அசையவே இல்லை. சாப்பாடு உண்டு என்று டீச்சர் எல்லா வகுப்பிலும் சொல்லிவிட்டார். என் பேச்சை நம்பிச் சொன்னார்.

இத்தா எழுந்தாள். இரண்டு வாளியை எடுத்துக்கொண்டாள். தலையில் ஒரு சாக்கைப் போட்டுக்கொண்டு மழையில் இறங்கினாள். எதிரே ஒரு சாயாக்கடை. அங்கே காலையிலிருந்து சமோவரில் தண்ணீர் கொதித்தபடி இருக்கும். அவள் கடைக்காரரிடம் என்ன சொன்னாள் என்று எனக்குக் கேட்கவில்லை. அவர் குழாயைத் திறந்துவிட்டது மட்டும் தெரிந்தது. இரண்டு வாளியும் நிறைந்தது. பெஞ்சில் சாயாவுக்கு உட்கார்ந்திருந்த சுமை தூக்குகிறவர் ஒருவர் தானாக எழுந்து, ஒரு வாளியை வாங்கிக்கொண்டு இத்தாவோடு வந்தார். இனி ஒரு மணி வரைக்கும் எங்களுக்குச் சாயா இல்லை, சோறு நன்றாக இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அண்டாவில் பாதித் தண்ணீரை மொண்டு எடுத்தேன். வெந்நீரை ஊற்றினேன். மூடியைப் போட்டேன். கொஞ்ச நேரத்தில் அடியில் முட்டை முட்டையாகக் கிளம்பியது. பிறகு மூடி ஆடியது. அந்தச் சத்தத்தைப் போல ஒரு சத்தத்தை நான் கேட்டதில்லை. கழுவி வைத்த அரிசியைக் கொட்டினோம். மணி பதினொன்று ஐம்பது.

தோரன் சின்ன அடுப்பில் ஆனது. தேங்காயை இத்தாவே துருவிப் போட்டாள். என்னை உப்பைத் தொட விடவில்லை.

பன்னிரண்டரைக்கு மணி அடித்தது. சோறு வேகவில்லை. எடுத்து நசுக்கினால் நடுவில் வெள்ளையாக நின்றது. பிள்ளைகள் தட்டோடு வராந்தாவில் உட்கார்ந்துவிட்டார்கள். தட்டைத் தட்ட ஆரம்பித்தார்கள். தகரக்கூரையில் மழை, கீழே நூறு தட்டு. டீச்சர் உள்ளே வந்தார். என்னைத் திட்டவில்லை. எவ்வளவு நேரம் என்று மட்டும் கேட்டார்.

கால் மணி என்றேன்.

வெள்ளிக்கிழமை இடைவேளை இரண்டு மணி வரை உண்டு. பெரிய பையன்கள் தொழுதுவிட்டு வந்து சாப்பிடட்டும் என்று டீச்சர் முடிவு செய்தார். இருபது பேர் போனார்கள். மற்றவர்களை என்ன செய்வது? ஒன்றாம் வகுப்பில் ஒரு பெண் அழ ஆரம்பித்துவிட்டாள்.

அண்டாவைப் பார்த்தேன். மேலே கஞ்சி கொழகொழவென்று நின்றது. மொண்டு ஒரு வாளியில் ஊற்றினேன். உப்புப் போட்டேன். பச்சைத் தண்ணீர் கொஞ்சம் விட்டு ஆற்றினேன். டம்ளர் டம்ளராகச் சின்னப் பிள்ளைகளுக்குக் கொடுத்தேன்.

"கஞ்சிவெள்ளம்," என்று ஒருத்தன் கத்தினான். அவ்வளவுதான். எல்லாருக்கும் வேண்டும். தட்டுச் சத்தம் நின்றது. உறிஞ்சுகிற சத்தம் மட்டும். அழுத பெண் மேலுதட்டில் வெள்ளை மீசையோடு டம்ளரை நீட்டினாள்.

பன்னிரண்டு ஐம்பதுக்கு ஒரு பருக்கையை எடுத்து நசுக்கினேன். நசுங்கியது. இத்தா வாங்கி அவளும் நசுக்கினாள். தலையை ஆட்டினாள். ஓட்டைக் கரண்டியால் அள்ளி அள்ளிக் கூடையில் கொட்டினோம். ஆவியில் அவள் முகம் எனக்குத் தெரியவில்லை. இரண்டு பேரும் சிரித்துக்கொண்டிருந்தோம் என்பது மட்டும் தெரியும்.

டீச்சர் முதலில் ஒரு வாய் ருசி பார்த்தார். அது பள்ளியின் வழக்கம். சாம்பாரில் தேங்காய் இல்லையே என்றார். எங்கள் ஊர் சாம்பாரில் தேங்காய் கிடையாது என்றேன். இன்னொரு வாய் எடுத்துக்கொண்டார்.

பரிமாறினேன். குனிந்து குனிந்து முதுகு விட்டுப்போனது. மகள் வரிசையில் வந்தபோது என் முகத்தைப் பார்க்கவில்லை. தட்டைத்தான் பார்த்தாள். சாப்பிட்டுவிட்டு மறுபடி வந்தாள். அவள் வீட்டில் இரண்டாம் தடவை கேட்டதில்லை. கேட்கக்கூடாது என்று அவளுக்குத் தெரியும். இங்கே கேட்டாள். நிறையப் போட்டேன்.

தொழப்போன இருபது பேருக்கும் தனியாக எடுத்து வைத்திருந்தோம். நனைந்த தொப்பியோடு ஓடி வந்தார்கள். இத்தாவின் மகன் இது யார் வைத்த சாம்பார் என்று கேட்டான். "உன் மாமியார்," என்றாள் இத்தா.

எல்லாரும் தட்டைக் கழுவும் நேரம். டீச்சர் வராந்தாவில் நின்று, இன்னும் சாப்பிடாதவர்கள் கை தூக்குங்கள் என்றார். நான் கரண்டியைப் பிடித்தபடி எட்டிப் பார்த்தேன். ஒரே ஒரு கை உயர்ந்தது. பசியில் அழுத அந்த ஒன்றாம் வகுப்புப் பெண். அவள் ஏற்கெனவே இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டிருந்தாள். எனக்குத் தெரியும். இத்தாவுக்கும் தெரியும்.

"கள்ளி," என்றாள் இத்தா.

அண்டாவைச் சாய்த்துப் பிடித்தாள். நான் அடியைச் சுரண்டி அந்தச் சின்னவள் தட்டில் போட்டேன்.