அத்தை வந்த வண்டியை மறித்தவருக்கு

என் பிள்ளைகளே, இந்த நினைவு மலரில் அத்தையைப் பற்றி நல்லதை மட்டும் எழுதச் சொன்னார்கள் சொந்தக்காரர்கள். நல்லதைத்தான் எழுதுகிறேன். அதைக் கெடுத்தவரையும் சேர்த்து எழுதுகிறேன். எட்டாவதோடு நின்றவன் நான், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் அக்காவான உங்கள் அத்தை பாரிவாக்கத்தில் பிறந்தார். கல்யாணமான இரண்டாம் வருஷமே மாமா போய்விட்டார், குழந்தையும் இல்லை. கரையான்சாவடியில் கன்னியாஸ்திரீகள் நடத்திய இலவச மருந்தகத்தில் ஆயாவாகச் சேர்ந்தார். வியாழக்கிழமைதோறும் அவர்களுடைய வேன் செங்கல் சூளைகளுக்குப் போகும். கர்ப்பிணிகளுக்கு ஊசி, குழந்தைகளுக்கு மருந்து.

எடை போட்டால் குழந்தைக்குக் கண்பட்டுவிடும் என்று தாய்மார்கள் ஓடுவார்கள். அத்தை எடையை வாய்விட்டுச் சொல்லமாட்டார். அட்டையில் எழுதிவிட்டு, கன்னத்தில் மை வைத்து அனுப்புவார்.

"மருந்தோட இது வேறயா?" என்று கேட்டாராம் சிஸ்டர்.

"ஜபம் நீங்க பண்ணுங்க சிஸ்டர், மைய நான் வைக்கிறேன். புள்ள பொழைச்சா சரி."

பிறகு மை டப்பா வாங்கிக் கொடுத்ததே அந்த சிஸ்டர்தான்.

சூளைக்கு நம் ஊர்த் தெரு வழியாகத்தான் போகவேண்டும். ஒரு வியாழக்கிழமை என் பெரியப்பா மகன் குறுக்கே மாட்டுவண்டியை நிறுத்தினார். முறைக்கு அண்ணன். அப்படி எழுதக் கை வரவில்லை.

"மதம் மாத்துற வண்டி இங்க வரக்கூடாது."

அத்தை விபூதி நெற்றியோடு இறங்கினார். "நான் இன்னா மாறிட்டனா? நெத்தியப் பாரு அண்ணாத்தே."

"தாலியறுத்தவ எதுருல நிக்காத, போ!"

இரண்டு வாரம் வேன் திரும்பிப் போனது. சூளையில் அப்போது வயிற்றுப்போக்கு. மூன்றாவது வாரம் அத்தை வேனை விட்டு இறங்கி வரப்பு வழியே நடந்தே போனார். துவண்டு கிடந்த ஒரு பெண்குழந்தையைத் தூக்கிக்கொண்டு வேனுக்கு ஓடி வந்தார். பாதி வரப்பிலேயே உயிர் அடங்கிவிட்டது. பெற்றவளுக்குத் தெரியாது. "இன்னும் எவ்ளோ தூரம்க்கா?" என்று கேட்டுக்கொண்டே பின்னால் ஓடி வந்தாளாம்.

அதன்பிறகுதான் சூளைக்காரர்கள் திரண்டு வந்து மாட்டுவண்டியைக் கவிழ்த்தார்கள். அத்தை ஒரு வியாழனும் தவறவில்லை. மன்னிக்கவும் இல்லை.

கர்ப்பப்பைப் புற்றுநோயில் படுத்தபோது என்னைக் கூப்பிட்டார். "தம்பி, நான் செத்தா அவன் வருவான். ஊரே பாக்கற மாதிரி அழுவான். அவன் ஊட்டுத் துணி என் மேல படக்கூடாது."

"சரிக்கா."

"சரின்னா ஆச்சா? நாலு பேரு கைய புடிச்சா உக்காந்துடுவ நீ!"

அப்படித்தான் ஆனது. பிறந்த வீட்டுக் கோடி என்று அவர் வெள்ளைச் சேலை கொண்டுவந்து அத்தைமேல் போர்த்தினார். நான் எழுந்தேன். "சாவு ஊட்ல தகராறு வேணாம் நைனா" என்று கையைப் பிடித்தார்கள். உட்கார்ந்துவிட்டேன்.

கடைசிவரை மலஜலம் எடுத்துப் பார்த்துக்கொண்ட சிஸ்டர்களுக்கும், தோள்கொடுத்துத் தூக்கிய சூளைத் தொழிலாளர்களுக்கும், நான் குடியிருக்கும் ஆவடி குவார்ட்டர்ஸ் நண்பர்களுக்கும் கைகூப்பி நன்றி சொல்கிறேன். வண்டியை மறித்தவருக்கு நன்றி இல்லை. அவர் அனுப்பிய இரங்கல் செய்தியையும் இதில் போடவில்லை.

இன்னொன்றும் சொல்லவேண்டும். சுடுகாட்டில் கோடிகளை எடுத்துப் போட்டபோது அவருடையதை மட்டும் மடித்து வைத்துக்கொண்டேன். மறுநாள் காலை, பால் ஊற்றப் போவதற்கு முன், தனியாகச் சைக்கிளில் பாரிவாக்கம் போனேன். அவர் வீட்டுக் கேட் சாத்தியிருந்தது. பிணத்தின்மேல் கிடந்த அந்தச் சேலையைக் கேட் கம்பியில் சுற்றி, லேசில் அவிழாதபடி இறுக்கிக் கட்டிவிட்டு வந்தேன்.