தூக்கிவிட ஒரு கை

என் வீட்டுக் கதவுக்குப் பின்னால் ஆணியில் ஒரு சும்மாடு தொங்குகிறது. கூடை சுமக்கும்போது தலைக்கு அணையாக வைக்கிற துணிச் சுருள்தான். நீலச் சேலையைக் கிழித்துச் சுற்றியது. உப்பு ஊறி ஊறி இப்போது மரக்கட்டை மாதிரி கிடக்கிறது. மழை வரும் நாளில் மட்டும் தானாக ஈரம் கசியும். மருமகள் ஒருநாள் அதைக் குப்பையில் போட எடுத்தாள். "அதும்மேல கைய வைக்காத" என்றேன். ஏன் என்று கேட்டாள். வாங்கித் திரும்ப ஆணியிலேயே மாட்டினேன்.

அந்தச் சேலை என்னுடையது இல்லை, சங்கத்து அக்காவுடையது. மரக்காணம் உப்பளத்தில் எங்கள் பெண்கள் சங்கத்துக்கு அதுதான் முதல் தலைவி. கழுத்தில் சிலுவைக் கயிறு, வாயில் எந்நேரமும் வெற்றிலை. ஆரம்பத்தில் எனக்கும் அதற்கும் ஆகவே ஆகாது. நான் பெருமுக்கல் பக்கம் நெல் விளைத்த வீட்டுப் பெண். நிலம் கைவிட்டுப் போய் உப்பளத்துக்கு வந்தவள். வந்தாலும் நிமிர்ந்துதான் நடப்பேன். "வந்துட்டாங்கடி பண்ணையாரு வூட்டு மருமவ, பாய் போடுங்க" என்று அக்கா கேலி பண்ணும். "உம்பாயில எவ குந்துவா" என்று நானும் விடமாட்டேன். சங்கத்தில் சேரச் சொன்னபோது, கூட்டத்தோடு நிற்கிற ஆள் நான் இல்லை என்று சொன்னேன். "கூட்டத்துல நிக்க வாணாம். எங்கூட ஜோடியா நில்லு, போதும்" என்றது.

ஜோடி என்று சொன்னால் உப்பளத்துக்காரிக்குப் புரியும். பாத்தியிலிருந்து வாரிய உப்பு ஈரமாக இருக்கும், ஈயம் மாதிரி கனக்கும். கூடை நிறைந்துவிட்டால் எப்பேர்ப்பட்டவளும் தன் கூடையைத் தானே தலைக்கு ஏற்ற முடியாது. எதிரே ஒருத்தி நின்று தூக்கிவிட வேண்டும். கொட்டிவிட்டு வெறுங்கூடையோடு திரும்பி வந்து அவளுக்கு நாம் தூக்கிவிட வேண்டும். காலையில் முடியைப் பிடித்துச் சண்டை போட்டவளாக இருந்தாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டாவது கை கொடுத்தே ஆக வேண்டும். சங்கம் என்று அக்கா புதிதாக எதையும் கொண்டுவரவில்லை என்று இப்போது தோன்றுகிறது. இந்தக் கையைத்தான் பாத்தியிலிருந்து வீட்டு வாசல் வரைக்கும் நீட்டியது.

மகன் பிறந்து, கைக்குழந்தையோடு வேலைக்குத் திரும்பினேன். அப்போதிருந்த மேஸ்திரி சேர்க்கவில்லை. "புள்ளையப் பாப்பியா, உப்பப் பாப்பியா? வூட்டுக்குப் போ" என்றார். கெஞ்சிப் பழக்கமில்லை எனக்கு. பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வரப்பிலேயே நின்றேன். பெண்கள் வழக்கம்போல இறங்கினார்கள், கூடையை நிரப்பினார்கள், பக்கத்தில் நின்றார்கள். ஒருத்திக்கு ஒருத்தி தூக்கிவிடவில்லை. கொடியும் இல்லை, கோஷமும் இல்லை. மேஸ்திரி கத்தினார். அக்கா வெற்றிலையைத் துப்பிவிட்டு நிதானமாகச் சொன்னது: "நாங்க மாட்டேன்னு சொல்லலீங்களே. கூடய ரொப்பிட்டோம். தூக்கிவிட ஒரு ஆளு கொறயுது, அவ்ளோதான்." வெயில் ஏற ஏறக் கூடைகளுக்கு அடியில் தண்ணீர் வடிந்துகொண்டே இருந்தது. மத்தியானத்துக்குள் மேஸ்திரி என்னை இறங்கச் சொல்லிவிட்டார். அக்கா தான் மாற்றிக்கட்டக் கொண்டுவந்த நீலச் சேலையைக் கொட்டகைக் கம்பில் தூளியாகக் கட்டி என் மகனைப் போட்டது. நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "நன்றின்னு ஏதாவது சொல்லித் தொலைக்காத, ஒனக்கு வராது" என்று சிரித்தது. தூளி கிழிந்த பிறகு அந்தத் துணியில்தான் ஆளுக்கொரு சும்மாடு சுற்றிக்கொண்டோம்.

அதற்குப் பிறகு எத்தனையோ நடந்தது. என் பிறந்தவீட்டுச் சனம் நல்லதுக்கும் கெட்டதுக்கும் வந்தார்கள், சாப்பிட்டுப் போனார்கள். நடுவில் கிடக்கிற வெறும் நாட்களுக்கெல்லாம் வந்தது சங்கத்துச் சனம்தான். இப்போது நான் எழுத்துக் கூட்டி எழுதுகிற இந்த எழுத்தும் சங்கத்துக் கொட்டகையில் கற்றதுதான்.

மகன் வளர்ந்து அதே உப்பளத்துக்கு மேஸ்திரி ஆனான். எனக்கு முழங்கால் போனது, வேலையை விட்டேன். மேஸ்திரியோட அம்மா என்று கடைத்தெருவில் சொன்னால் காது குளிரும். இந்த வருஷம் உப்பு வார ஆரம்பித்த நாளில் சங்கத்துப் பெண் ஒருத்தி வாசலில் வந்து நின்றாள். "சின்னம்மா, உங்க புள்ள அக்காவ வேலய வுட்டு நிறுத்திட்டாரு. நாளைக்கு நாங்க கூடய தூக்கப் போறதில்ல. ஒங்ககிட்ட சொல்லிட்டுத்தான் செய்யணும்னு அக்கா சொல்லி அனுப்புச்சு" என்றாள். அந்த மரியாதைதான் என்னைக் கொன்றது.

சாயங்காலம் மகனிடம், "அக்காவ நிறுத்துனியாமே" என்று கேட்டேன். "அதுக்கு நட தள்ளாடுதும்மா. வரப்புல வுழுந்தா மொதலாளி என்னத்தான கேப்பாரு" என்றான். அவன் சொன்னது பொய் இல்லை. ஆனால் அவன் தூளியில் தூங்கினது அக்காவின் சேலையில். அவனிடம் நான் ஒருநாளும் அதைச் சொன்னதில்லை. தன் தாயை ஒரு மேஸ்திரி 'வூட்டுக்குப் போ' என்றான் என்று என் பிள்ளை தெரிந்துகொள்ளக் கூடாது என்கிற கௌரவம். நான் தானாகவே நிமிர்ந்து நின்றவள் என்றுதான் அவன் நினைத்து வளர்ந்தான்.

காலையில் சும்மாட்டை எடுத்துக்கொண்டு உப்பளத்துக்குப் போனேன். பெண்கள் நிரம்பிய கூடைகளோடு நின்றார்கள். அக்கா வரப்பில் உட்கார்ந்திருந்தது. நானும் ஒரு கூடையை நிரப்பி, சும்மாட்டைத் தலையில் வைத்துக்கொண்டு நின்றேன். மகன் ஓடி வந்தான். "யம்மா, இன்னாம்மா இது? எல்லாரும் பாக்கறாங்க. வூட்டுக்குப் போ."

அதே வார்த்தை.

"தூக்கிவிடு" என்றேன். கூடை விளிம்பைப் பிடித்தான், என் முகத்தைப் பார்த்தான். "ஒன்னால முடியாதும்மா" என்றான். எனக்கும் தெரியும். கால் நடுங்குவதைச் சேலைக்குள் மறைத்துக்கொண்டு நின்றேன். பின்னாலிருந்து அக்கா குரல் கொடுத்தது: "ஏம்பா மேஸ்திரி, மொதல்ல உங்கம்மாவ நெழலுக்கு இட்டுனு போ. என் கதைய அப்பறம் பாத்துக்கலாம்."

அவன் தலை குனிந்தது. கூடை விளிம்பை விட்டுவிட்டு, அக்கா சுமக்க வேண்டாம், மேட்டில் உப்பைத் தட்டிச் சேர்க்கிற வேலைக்கு வரட்டும் என்றான். அக்கா பெண்களைப் பார்த்தது. அவர்கள் தலையாட்டிய பிறகுதான் முதல் கூடை ஏறியது. கொட்டகை நிழலில் அக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. "மன்னிப்பு கின்னிப்புன்னு சொல்லித் தொலைக்காத, அதுவும் ஒனக்கு வராது" என்று வெற்றிலையை மடித்துக் கையில் கொடுத்தது. வாங்கிக்கொண்டேன். வெட்கத்தோடு மெல்ல முடியாது வெற்றிலையை. கையிலேயே வைத்திருந்தேன்.

நேற்று வானம் இருட்டிக்கொண்டு வந்தது. பாத்திகளில் வேலை முடிந்துவிட்டது. ஆணியில் சும்மாடு கசிந்து கதவில் ஒரு ஈரக்கோடு இறங்கியிருந்தது. மகன் அதை விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தான்.

"இன்னாம்மா இது, யாரு சேல?" என்றான்.

கதவைச் சாத்திவிட்டு வந்து உட்காரச் சொன்னேன்.