டாக்டரிடம் மறைத்த மாத்திரை

என் கணவர் திருத்தணி மலைக்கோயில் மடப்பள்ளியில் சமைப்பவர். சில ஆண்டுகளுக்கு முன், ஆடிக் கிருத்திகை நெருங்கும்போது அவர் உள்ளங்காலில் விறகுச் சிராய் குத்திச் சீழ் வைத்தது. சீழ்ப்புண்ணோடு மடப்பள்ளிக்குள் போகக்கூடாது. அவருடைய திருவிழாச் சமையல் முறை தவறிவிடுமே என்று, மெடிக்கலில் மாத்திரை வாங்கிக் கொடுத்து விஷயத்தை மறைத்தேன். புண் மேலாக ஆறியது. ஆனால் குளிர்காய்ச்சல் பிடித்துக்கொண்டது.

சென்னை ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா, "முன்னாடி மாத்திரை ஏதாவது குடுத்தீங்களா?" என்று கேட்டார். மடப்பள்ளிக்குப் பெரியவரான கணவரின் அண்ணன் பக்கத்தில் நின்றிருந்தார்.

"இல்லீங்க" என்றேன்.

ரத்தப் பரிசோதனையில் கிருமி எதுவும் வளரவில்லை. வைரஸ் காய்ச்சலாக இருக்கும் என்றார்கள். என் கணவரோ காய்ச்சலில் உளற ஆரம்பித்தார்.

அங்கே ஆராய்ச்சிக்காக நடந்துவந்த புதுப் பரிசோதனை ஒன்றில் அவர் ரத்தத்தையும் சேர்த்துப் பார்த்தார்கள். கண்ணுக்குத் தெரியாத தங்கத் துகள்கள் மிதக்கும் சிவப்பு நீர் நீலமாக மாறியது.

"சீழ்ப்புண்ணுல இருக்கற கிருமியோட விஷம் ரத்தத்துல இருக்கு. முன்னாடியே மாத்திரை போட்டிருக்கணும், அதனாலதான் கிருமி வளரல. புண்ணு எங்கம்மா?" என்றார் டாக்டரம்மா.

அழுதுகொண்டே உள்ளங்காலைக் காட்டினேன்.

"உசுரு போயிகினு இருக்குது, எனக்கா பயந்தே?" என்றார் கணவரின் அண்ணன். "ஆங் பாவா" என்று ஒப்புக்கொண்டேன்; அவரை நான் அப்படித்தான் கூப்பிடுவேன்.

புண்ணைக் கீறிச் சுத்தம் செய்தார்கள்; அவர் பிழைத்தார்.

இப்போதெல்லாம் காலி மாத்திரை அட்டையைக் கையோடு கொண்டுபோகிறேன். டாக்டர் கேட்குமுன் மேசைமேல் வைத்துவிடுவேன், பக்கத்தில் யார் நின்றாலும்.

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருத்தணி