காற்றுவழியை அடைத்தது நான்தான்

குவைத்தில் குளிரடிக்கும் என்றால் ஊரில் யாரும் நம்ப மாட்டார்கள். அங்கே போகும்வரை நானும் நம்பவில்லை. டிசம்பர் முடியும்போது பாலைவனத்திலிருந்து வருகிற காற்று சட்டைக்குள் புகுந்து எலும்பைத் தொடும். காலையில் வாளித் தண்ணீரில் கை வைக்க முடியாது.

எழுபதுகளின் நடுவில் நான் வேலை பார்த்த கட்டுமானக் கம்பெனி, நகரத்தை விட்டுத் தள்ளித் தன் அதிகாரிகளுக்காக ஒரு குடியிருப்பு போட்டிருந்தது. மரச்சட்டமும் பலகையுமாக அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்து இங்கே பூட்டப்பட்ட வீடுகள். ஒவ்வொரு வீட்டின் நடையிலும் அலமாரி அகலத்துக்கு ஒரு சிறு அறை இருக்கும். அதற்குள் ஆளுயரத்துக்கு ஒரு கேஸ் ஃபர்னஸ். வெளியே நிற்கும் சிலிண்டர்களிலிருந்து கேஸ் வந்து அடியில் பர்னரில் எரியும். ஒரு விசிறி சூட்டை எல்லா அறைகளுக்கும் தள்ளிவிடும். புகை தனிக் குழாய் வழியாகக் கூரைக்கு மேலே போய்விடும். எரிவதற்குக் காற்று வேண்டுமே, அதற்காக அந்தச் சிறு அறையின் வெளிச்சுவரில் கீழே ஒரு முழ அகலத்தில் வலை வைத்த திறப்பு ஒன்று விட்டிருந்தார்கள். காற்றுவழி என்று நாங்கள் சொல்வோம்.

இந்த ஃபர்னஸ்களுக்கெல்லாம் நான் சூப்பர்வைசர். திருச்சியில் பாலிடெக்னிக் முடித்தவன், முப்பத்தொரு வயது. எனக்குக் கீழே வேலை பார்த்த ஃபிட்டர் ராமநாதபுரம் பக்கத்துக்காரர், என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். ஸ்கூல் தாண்டாதவர். ஆனால் பர்னர் எரிகிற சத்தத்தை வைத்தே அதில் என்ன கோளாறு என்று சொல்லிவிடுவார். வருஷா வருஷம் நவம்பரில் குளிர் தொடங்கும் முன் வீடு வீடாகப் போய் அவர் பர்னரைக் கழற்றித் துடைப்பார், கேஸ் இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்ப்பார், கூரையேறிப் புகைக்குழாயில் மணலோ பறவைக் கூடோ அடைத்திருக்கிறதா என்று கையை விட்டுப் பார்ப்பார். பிறகு பற்றவைத்து, தீ நீலமாக நின்று எரிகிறதா என்று கொஞ்ச நேரம் குந்தியிருந்து பார்ப்பார். ஒவ்வொன்றுக்கும் ஓர் அட்டையில் டிக் போட்டுக் கொடுப்பார். நான் கையெழுத்துப் போடுவேன்.

குடியிருப்பில் இருந்த ஒரே தமிழ்க் குடும்பம் ஒரு இன்ஜினியருடையது. மெட்ராஸ்காரர்கள். கணவன், மனைவி, இரண்டு வயதில் ஒரு பெண் குழந்தை. என் மனைவி அப்போது பிரசவத்துக்காகத் திருச்சிக்குப் போயிருந்தாள். வெள்ளிக்கிழமை மதியம் அவர்கள் வீட்டில்தான் எனக்குச் சாப்பாடு. அந்த அம்மாள் என்னை அண்ணா என்று கூப்பிடுவார். ரசத்தை நான் இரண்டாம் முறை கேட்கும் முன்பே ஊற்றிவிடுவார்.

அந்தக் கோடையில் மணற்காற்று விடாமல் அடித்தது. குழந்தைக்கு மூச்சு இழுத்தது. ஃபர்னஸ் அறையை ஒட்டித்தான் குழந்தையின் அறை. ஒரு வெள்ளிக்கிழமை அந்த அம்மாள் என்னைக் கூப்பிட்டு, ஃபர்னஸ் அறைக் கதவைத் திறந்து காட்டினார். தரையில் மணல் சிறு குவியலாகக் கிடந்தது.

“அண்ணா, எவ்ளோ பெருக்கினாலும் இந்த ஓட்டை வழியாத்தான் வருது. இதை அடைக்க முடியாதா?”

கோடையில் ஃபர்னஸ் எரிவதில்லை. அடைத்தால் ஒரு கெடுதலும் கிடையாது. மறுநாளே ஒர்க்‌ஷாப்பில் ஒரு தகரத்தை அளவாக வெட்டிக்கொண்டு வந்தேன். நான்கு ஸ்க்ரூ போட்டு, ஓரத்தில் டேப் ஒட்டி, பார்வையாக இருக்கட்டும் என்று வெள்ளைப் பெயிண்டும் அடித்தேன். குளிர் வரும் முன் நானே வந்து கழற்றிவிடுவேன் என்று சொன்னேன். வேலையைக் கைநேர்த்தியாகச் செய்தோம் என்று எனக்கு ஒரு பெருமைகூட இருந்தது. கணவர் அன்று சைட்டில் இருந்தார். அவருக்கு இதெல்லாம் தெரியாது.

அக்டோபரில் எனக்கு மகன் பிறந்தான் என்று தந்தி வந்தது. பதினைந்து நாள் லீவில் ஊருக்குப் போய்த் திரும்பியபோது வேலை குவிந்து கிடந்தது. நவம்பர் சோதனையை ஃபிட்டர் ஒருவரே பார்த்துக்கொண்டிருந்தார். ஒருநாள் ஒர்க்‌ஷாப் வாசலில் அட்டையோடு வந்து நின்றார்.

“சார், அந்த இன்ஜினியர் வீட்ல காத்துவழிய தகரம் போட்டு அடைச்சிருக்கு. கழட்டப் போனேன். சார் வந்துதான் கழட்டணும்னு அந்தம்மா சொல்றாக. நீங்கதான் போட்டீகளாமே.”

ஆமாம், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அட்டையில் அந்தக் கட்டத்தை மட்டும் டிக் போடாமல் விட்டிருந்தார். ஒரு கட்டம் காலியாக இருந்தால் ஆபீசில் அட்டையைத் திருப்பி அனுப்புவார்கள். “இன்னிக்கே போயிடுறேன், டிக் போட்டுக் குடுத்துடுங்க” என்றேன். ஒரு கணம் யோசித்தார். பிறகு காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து டிக் போட்டார். நான் அதன் கீழே கையெழுத்துப் போட்டேன்.

அன்று நான் போகவில்லை. மறுநாளும் போகவில்லை. அதற்குப் பிறகு அந்த நினைப்பே எனக்கு வரவில்லை. இதைவிட நல்லதாகச் சொல்ல என்னிடம் எந்தக் காரணமும் இல்லை. அதற்குப் பின் வந்த வெள்ளிக்கிழமைகளிலும் அதே வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன். பத்தடி தள்ளித்தான் அந்தத் தகரம் இருந்தது.

ஜனவரியில் கடுங்குளிர் வந்தது. வீட்டுக்காரர்கள் ஜன்னல் இடுக்குகளில்கூடத் துணி செருகினார்கள். ஒரு வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அந்த இன்ஜினியர், பக்கத்தில் நாங்கள் தங்கியிருந்த கம்பெனி கேம்ப்பில் என் அறை வாசலுக்கு ஓடிவந்தார். காலில் செருப்பில்லை. மூவருக்கும் எழுந்ததிலிருந்து தலைவலி, வாந்தி என்றார். சாப்பாடு ஏதோ ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தார்களாம். இப்போது குழந்தை எழுப்பினாலும் எழவில்லை.

எனக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது.

வீட்டுக்குள் நுழைந்ததும் ஃபர்னஸை நிறுத்தி, எல்லா ஜன்னல்களையும் திறந்துவிட்டேன். அடுப்படியில் எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே வரக் காற்றுக்கு வழியில்லாத வீட்டில் அது, கூரைக்குப் போக வேண்டிய புகையையும் வீட்டுக்குள்ளேயே இழுத்திருக்கிறது. காற்றுப் போதாத தீயிலிருந்து வரும் விஷவாயுவுக்கு வாசனை இல்லை, நிறமும் இல்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினேன். தலை என் தோளில் சாய்ந்து கிடந்தது. அந்த அம்மாள் படியில் உட்கார்ந்தபடி எழ முடியாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கம்பெனி ஆம்புலன்ஸ் வந்து மூவரையும் ஏற்றிக்கொண்டு போனது.

திறந்து கிடந்த வீட்டில் நான் மட்டும் நின்றேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். வெளியே நல்ல வெயில். பையில் ஸ்க்ரூ டிரைவர் இருந்தது. நான்கு ஸ்க்ரூவையும் கழற்றித் தகரத்தை எடுத்தேன். டேப் ஒட்டியிருந்த தடத்தை நகத்தால் சுரண்டினேன். தகரத்தைச் சட்டைக்குள் வைத்துக் கொண்டுபோய் ஒர்க்‌ஷாப்பின் கழிவு இரும்புத் தொட்டியில் போட்டேன். கவனமாகவே செய்தேன். அதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

மாலையில் ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஆக்ஸிஜன் கொடுத்துக் குழந்தைக்கு நினைவு வந்துவிட்டது என்று நர்ஸ் சொன்னாள். அந்த அம்மாள் கட்டிலில் சாய்ந்திருந்தார். என்னைக் கண்டதும் கணவரைத் தண்ணீர் கொண்டுவர அனுப்பினார்.

“அண்ணா, அந்தத் தகரத்தாலயா? நான்தானே கேட்டேன்.”

“அதனால இல்லம்மா. பர்னர்ல ஏதோ கோளாறு. தகரத்தைப் பத்தி யார்கிட்டயும் சொல்லிக் குழப்பிக்க வேணாம்.”

அவரைத் தேற்றுவதற்காகச் சொன்னேன் என்று ரொம்ப நாள் எனக்கே சொல்லிக்கொண்டேன்.

நாலாம் நாள் விசாரணை. மேலதிகாரி ஓர் ஆங்கிலேயர். கெட்ட மனிதர் அல்ல. அவருக்குத் தமிழும் இந்தியும் தெரியாது, ஃபிட்டருக்கு இங்கிலீஷ் வராது. அதனால் நடுவில் மொழிபெயர்க்க என்னையே உட்காரவைத்தார். மேஜையில் அந்த அட்டை இருந்தது. காற்றுவழி திறந்திருந்ததா என்று அதிகாரி கேட்டார். நான் தமிழில் கேட்டேன்.

ஃபிட்டர் என்னைப் பார்த்தபடியே நிதானமாகச் சொன்னார். தகரம் இருந்தது, கழற்றப் போனபோது வீட்டில் விடவில்லை, அன்றைக்கே சாரிடம் வந்து சொன்னேன், சார் பார்த்துக்கொள்வதாகச் சொல்லி டிக் போடச் சொன்னார். நான் தகரத்தைப் பற்றி மறந்திருப்பேன் என்றுதான் அவர் நினைத்தார் போலிருக்கிறது. ஞாபகப்படுத்துகிறவர் மாதிரி, கோபமில்லாமல், தேதி கிழமையெல்லாம் சேர்த்துச் சொன்னார்.

அதிகாரி என்னைப் பார்த்தார். நான் மேஜையைப் பார்த்தபடி, திறந்துதான் இருந்தது என்கிறார், மற்றது ஞாபகமில்லை என்கிறார் என்று இங்கிலீஷில் சொன்னேன்.

அப்படியானால் பர்னரைச் சரியாகச் சுத்தம் செய்யவில்லை என்று முடிவானது. ஃபிட்டரைப் பதினைந்து நாளில் ஊருக்கு அனுப்பினார்கள். அந்தக் கம்பெனிக்கு மட்டுமல்ல, அந்த நாட்டுக்கே திரும்ப வர முடியாதபடி பாஸ்போர்ட்டில் முத்திரை குத்தினார்கள். போகிற அன்று கேம்ப் பஸ் நிற்கும் இடத்துக்குப் போனேன். எதற்குப் போனேன் என்று எனக்கே தெரியவில்லை. பெட்டியைக் கயிற்றால் கட்டிக்கொண்டிருந்தார். குழந்தை எப்படி இருக்கிறாள் என்று கேட்டார். நன்றாக இருக்கிறாள் என்றேன். முடிச்சை இறுக்கிவிட்டு நிமிர்ந்தார்.

“எனக்கு இங்கிலீஷ் தெரியாது சார். ஆனா நான் பேசுனது நீளம். நீங்க அந்த ஆள்ட்ட சொன்னது ரெண்டே வரி.”

பஸ் வந்தது. ஏறிக்கொண்டார்.

இன்ஜினியர் குடும்பமும் அந்த வருஷமே ஊரோடு போய்விட்டது. நான் வெள்ளிக்கிழமைகளில் அங்கே போவதை அதற்கு முன்பே நிறுத்தியிருந்தேன். அடுத்த நவம்பரில் எல்லா வீடுகளுக்கும் நானே போனேன். கூரையெல்லாம் ஏறினேன். காற்றுவழிகளுக்கு வெளியே யாரும் எதையும் ஒட்டவோ திருகவோ முடியாதபடி கனமான கம்பிக் கூடு போட்டு ரிவெட் அடித்தேன். என் கவனத்தைப் பாராட்டி அதிகாரி ஒரு கடிதம் கொடுத்தார். அந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டு ஒரு இரவுகூட நிம்மதியாகத் தூங்க முடியவில்லை. ஒரு காலையில் அவர் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முழுவதையும் கேட்டார். பிறகு, விசாரணை முடிந்து கோப்பு மூடியாகிவிட்டது, முத்திரையை இனி யாராலும் அழிக்க முடியாது என்றார். நான் ராஜினாமா செய்கிறேன் என்றேன். அது உன் இஷ்டம் என்றார். கைகுலுக்கவில்லை.

திருச்சிக்குப் போய் ஒரு வருஷம் கழித்து துபாயில் வேலை கிடைத்தது. அங்கேதான், சத்வா பகுதியில் தையற்கடைகள் வரிசையாக இருக்கும் தெருவில், ஒரு ஏ.சி. ரிப்பேர் கடை வாசலில் அந்த ஃபிட்டரைப் பார்த்தேன். தலையில் நரை விழுந்திருந்தது. அவர்தான் முதலில் என்னை அடையாளம் கண்டுகொண்டார். டீ வாங்கிக் கொடுத்தார். என்னை வாங்க விடவில்லை. விசாரணையில் சொன்னது பொய் என்று அதிகாரியிடம் ஒப்புக்கொண்டுவிட்டேன் என்றேன்.

“எப்ப சொன்னீக?”

“அந்த வருஷம் டிசம்பர்ல.”

“நான் ரெண்டு வருஷம் ஊர்ல சும்மா உக்காந்திருந்தேன் சார். ஒரு புள்ளைக்கு விஷக் காத்து குடுத்துட்டு வந்தவன்னு எங்க தெருவுல பேசுனாக. என் வீட்டுக்காரி கேட்டா, நெசமாங்கனு.”

மன்னிப்புக் கேட்டேன். கேட்டுட்டீகள்ல, விடுங்க சார் என்றார். அவர் விட்டுவிட்ட மாதிரித் தெரியவில்லை. அப்படி எதிர்பார்க்க எனக்கு உரிமையும் கிடையாது. கடைக்குள்ளிருந்து முதலாளி யல்லா, கிளம்பு என்று குரல் கொடுத்தார். எழுந்தவர், திரும்பி, “அந்தம்மாட்ட சொல்லிட்டீகளா?” என்று கேட்டார்.

இல்லை என்றேன். அவர் டூல் பெட்டியை எடுத்துக்கொண்டு போனார்.

அந்த வாரமே பழைய மெட்ராஸ் முகவரிக்குக் கடிதம் எழுதினேன். தகரம் போட்டது, கழற்ற மறந்தது, கழற்றி ஒளித்தது, மொழிபெயர்த்தது எல்லாவற்றையும் எழுதினேன். ஒரு மாதம் கழித்துக் கணவரிடமிருந்து பதில் வந்தது. ஏர் லெட்டரில் நாலே வரி. குழந்தை நன்றாக இருக்கிறாள், ஸ்கூலில் சேர்த்திருக்கிறோம். அன்றைக்கு ஆஸ்பத்திரியில் நீங்கள் சொன்னதை என் மனைவி ஒருநாளும் நம்பவில்லை. தான் கேட்டதால்தான் என்று இத்தனை நாளும் தன்னையே குற்றம் சொல்லிக்கொண்டிருந்தாள். இனிமேல் எங்களுக்கு எழுத வேண்டாம்.

நான் எழுதவில்லை.